அற்புதமலர் துடைத்த எண்ணெய்

பதுளை டவுனிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகிற ரோட்டில், ஏற்றம் தொடங்குகிற இடத்தில், இளம்பச்சைப் பெயின்ட் அடித்த வீடு ஒன்று இருக்கிறது. பெரிய வீடு. உள்ளே கட்டில்களுக்குக் குறைவில்லை, படுக்கத்தான் ஆளில்லை. அற்புதமலர் ஒருத்திதான் அங்கே இருக்கிறாள். இந்தப் பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அரசாங்க உத்தியோகம். காலையில் கேட்டைப் பூட்டினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திறப்பார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் கொழும்பில் இருக்கிறார். அவர் வளவில் ஒரு கொய்யா மரம் நிற்கிறது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஏசி எதற்கு என்று கேட்பீர்கள். அற்புதமலரும் அதைத்தான் கேட்டாள். மகள் கிருஷாந்தி ஷார்ஜாவில் வேலை செய்கிறாள். அவள் கட்டிய வீடுதான் இது. போன தடவை லீவில் வந்தபோது மாப்பிள்ளைக்குப் பதுளை வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, தூக்கமில்லாமல் புரண்டார். இத்தனைக்கும் மனுஷன் பாலைவனத்தில் சம்பாதிக்கிறவர். அங்கே வீட்டிலும் ஏசி, பஸ்ஸிலும் ஏசி, வேலை செய்கிற இடத்திலும் ஏசி. வெயில் எப்படி இருக்கும் என்றே மறந்துவிட்டார் போல. "அடுத்த தடவ நாங்க வர்றப்ப ரூம்ல ஏசி இருக்கணும்மா" என்று கிருஷாந்தி போனில் சொன்னாள். கம்பெனிக்காரர்கள் வந்து புத்தம்புதுசாக மாட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த தடவை என்பது டிசம்பர் என்றார்கள். பிறகு ஈஸ்டர் என்றார்கள். பிறகு லீவு கிடைக்கவில்லை என்றார்கள். கோபிக்க முடியுமா? லீவு அவர்கள் கையிலா இருக்கிறது?

மாட்ட வந்தவர்கள், மெஷினைச் சும்மா போட்டு வைக்காமல் அவ்வப்போது ஓட விடச் சொல்லியிருந்தார்கள். அதனால் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அற்புதமலர் மகளுடைய அறைக்குள் போய், ஏசியைப் போட்டுவிட்டு, ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுவாள். கரண்டுக்குக் காசு கட்டிக் குளிரை வரவழைத்து, அந்தக் குளிருக்கு ஸ்வெட்டரும் போடுகிற கூத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வரும். கூடச் சேர்ந்து சிரிக்கத்தான் யாருமில்லை. புருஷன் மத்தேயு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அவர் தேயிலை பெக்டரியில் வேலை செய்யும்போதே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. தேயிலைத் தோட்டத்தில் அவள் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவள். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிற வழியில் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் மலையிலிருந்து இறங்கி வரும்வரை பால் கொடுத்து, கால் கழுவி, தொட்டில் ஆட்டுவது அற்புதமலரின் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் துரையும் கொழும்பிலிருந்து ஒரு நோனா அம்மாவும் பார்வையிட வந்தார்கள். நோனா ஜன்னல் கட்டையில் விரலை வைத்து இழுத்து, அந்த அழுக்கு விரலைத் துரையிடமும் காட்டினாள், வாசலில் நின்ற தாய்மாரிடமும் காட்டினாள். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அழுது தீர்த்திருக்கலாம்.

அன்றிலிருந்து யாரோ வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அற்புதமலர் தேங்காய் நாரும் சவர்க்காரத் தூளுமாக இறங்கிவிடுவாள். பிள்ளைக்காம்பராக்காரிகள் எல்லாருக்குமே இந்தப் பழக்கம் உண்டு, இவளுக்குக் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. ஒரு தடவை டாக்டர் வருகிறார் என்று கதவுக் கீலில் விட்டிருந்த எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டு, டாக்டர் வந்த நேரத்தில் கதவு கத்தோ கத்தென்று கத்தி, அதற்கும் ஏச்சு வாங்கியவள். வேலையை விட்டாள், பழக்கம் அவளை விடவில்லை.

ஏசி மாட்டி ஏழெட்டு மாதத்தில் ஒரு நாள் காற்று வந்தது, குளிர் வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒரு பெண் சிங்களத்தில் பேசி, வாரண்டி இருக்கிறது, நாளைக்கே ஆள் வருவார் என்றாள். ஆள் வருவார் என்ற சொல் போதாதா? அன்று பின்னேரமே வீடு முழுக்கக் கூட்டிக் கழுவியாயிற்று. பின்பக்கம் தகரத் தாழ்வாரத்தின் கீழ், சீமெந்துக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்த ஏசியின் பெரிய பெட்டியையும் விடவில்லை. அதன் பின்புறத் தகடுகளின் அடியில் தூசி பிடித்துக் கறுப்பாக ஏதோ பிசுபிசுத்திருந்தது. பழைய பிரஷ்ஷால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றி, துணியால் ஒற்றி எடுத்தாள். பெட்டி பளபளவென்று ஆனது. வருகிறவன் கம்பெனி ஆளல்லவா, எங்கே விரலை வைப்பானோ, யார் கண்டது?

வந்தவன் விரல் வைக்கிற ஆளாக இல்லை. முப்பத்தைந்து வயது மதிக்கலாம், பெயர் விஜேந்திரன். மோட்டார் சைக்கிளின் பின்னால் கேஸ் சிலிண்டரும் பம்புமாகக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். செருப்பை வாசலிலேயே கழற்றினான். அற்புதமலர் சிங்களத்தில் தொடங்க, அவன், "தமிழ்லயே பேசுங்கம்மா, நான் லுணுகலப் பக்கம்" என்றான். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"எந்தத் தோட்டம் தம்பி?"

அவன் சொன்னான். அவளுடைய சித்தி மகளைக் கட்டிக்கொடுத்த தோட்டம் அது. பிறகென்ன, பாதி சொந்தம் ஆகிவிட்டான்.

மெஷினில் கேஸ் அநேகமாகத் தீர்ந்திருந்தது. சவர்க்கார நுரை வைத்து மூட்டு மூட்டாகப் பார்த்தான், எங்கேயும் குமிழி விடவில்லை. முதலில் பம்பைப் பூட்டி உள்ளே இருக்கிற காற்றை, ஈரத்தையெல்லாம் உறிஞ்சி எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் புதுக் கேஸ் போடலாம் என்றான். பம்பு ஓடத் தொடங்கினால் ஒரு மணித்தியாலமாவது ஓட வேண்டும். பிறகு நிறுத்திவிட்டு மீட்டர் ஊசி நகர்கிறதா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் செய்ய ஒரு வேலையும் கிடையாது. அவசரப்படுகிற ஆள் பம்பைப் பாதியில் நிறுத்துவான். விஜேந்திரன் நிறுத்துகிறவன் இல்லை.

பம்பு ஓடியது, இவர்கள் பேசினார்கள். அற்புதமலர் தேங்காய் ரொட்டி சுட்டுக் கட்டசம்பல் அரைத்தாள், பிளேன்டீ ஊற்றினாள். அவன் அடுப்படி வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மூத்த மகளுக்குக் கணக்கு ஏறாததையும், மனைவி கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், தான் பெரட்டுக்குப் போகாமல் தப்பித்துத் தொழில் படித்ததையும் சொன்னான். இவள் பிள்ளைக்காம்பராக் கதைகளைச் சொன்னாள். கதவு கத்திய கதைக்கு அவன் புரையேறச் சிரித்தான். அந்த வீட்டில் ஒரு ஆம்பிளை சிரித்து எவ்வளவு காலமாயிற்று.

அவன் போன பிறகு, கழுவாத டீக் கோப்பையை அற்புதமலர் கொஞ்ச நேரம் மேசையிலேயே விட்டு வைத்தாள். அவளைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

சில மாதம் போயிற்று. மறுபடி குளிர் நின்றது. மறுபடி போன், மறுபடி கழுவல். பெட்டியின் அடியில் அதே இடத்தில் அதே கறுப்புப் பிசுக்கு இருந்தது, தேய்த்து எடுத்தாள். மறுநாள் விஜேந்திரன் வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, குந்தியபடியே தலையைச் சொறிந்தான்.

"எங்கயோ கேஸ் போகுதுங்கம்மா. எங்கனன்னுதான் தெரியல. இப்ப வர்ற மெஷின்ல கேஸ் ஓடுற கொழா, அந்தக் கொயிலு ரொம்ப மெல்லிசு, ஊசி முன அளவு ஓட்ட விழுந்தாலும் போச்சு. அது நொரைக்கு அகப்படாது."

"அப்ப எப்பிடித் தம்பி கண்டுபிடிக்கிறது?"

"கேஸ் தனியா வெளிய வராதுங்க. உள்ள ஓடுற எண்ணெயையும் கொஞ்சம் இழுத்துக்கிட்டு வரும். ஓட்ட இருக்கிற எடத்துல எண்ணெப் பிசுக்கு இருக்கும், தூசி ஒட்டிக் கறுப்பாத் தெரியும். அத ஒரு போட்டோ புடிச்சு அனுப்பினாப் போதும், வாரண்டியில புதுக் கொயிலே குடுத்துருவாங்க. உங்க மெஷின்ல ஒரு பொட்டுக்கூட இல்ல. கழுவி வச்ச பீங்கான் மாதிரி இருக்கு."

கழுவி வைத்ததே அற்புதமலர்தானே. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன், "போட்டோ இல்லாம கம்பெனி அசையாது. இப்போதைக்குக் கேஸப் போட்டு வுடுறேன். கொறஞ்சா நான் மறுபடி வந்துதானே ஆகணும்" என்றான்.

மறுபடி வந்துதானே ஆகணும். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"டீ ஆறுது தம்பி, குடிங்க" என்றாள்.

திட்டுகிறவர்கள் இங்கே திட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கோயிலில் பூசை முடிந்ததும் எல்லாரும் அவளிடம், "மகள் எப்ப வர்றா?" என்று கேட்டுவிட்டு, பதிலை முழுதாகக் கேட்காமலே பஸ்ஸுக்கு ஓடுவார்கள். மகள் போனில் கேட்பதெல்லாம் மாத்திரை போட்டாயா, கேட்டைப் பூட்டினாயா என்பதுதான். பாவம், அவளுக்கும் வேலை. இந்த உலகத்தில் அற்புதமலர் சொல்வதை உட்கார்ந்து கேட்க நேரம் இருந்தது, பம்பு ஓடுகிறவரை எழுந்து போக முடியாத ஒரு மனுஷனுக்குத்தான். அவளுக்கு அவன் வர வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான் விஷயம், அதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பிரயோசனமில்லை.

அதற்குப் பிறகு அவள் பெட்டியைத் துடைத்தது பழக்கத்தால் இல்லை. தினமும் காலையில் பின்பக்கம் போவாள். பிசுக்கு தலைகாட்டியதா என்று குனிந்து பார்ப்பாள். காட்டியிருந்தால் முந்தானையாலேயே ஒரு இழுப்பு. மனசாட்சி குத்தாமல் இல்லை. கம்பெனிக்காரன் கேஸ்தானே, பெரிய கம்பெனி, அவனுக்கு இதெல்லாம் ஒரு நட்டமா என்று அதன் வாயை அடைத்து வைத்தாள்.

மூன்றாம் தடவை விஜேந்திரன் வந்தபோது முகம் சரியில்லை. ரொட்டியைப் பிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டான். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அவனுக்குப் போன் வந்தது. எழுந்து போய்க் கொய்யா மரத்துப் பக்கம் நின்று சிங்களத்தில் பேசினான். "இல்லை சார், கேஸை எடை பார்த்துத்தான் போட்டேன் சார், சத்தியமாக சார்" என்றான். மறுமுனையில் இருந்த ஆள் கத்தியது அடுப்படிக்கே கேட்டது. அற்புதமலருக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். கள்ளன் என்ற சொல்லும் கேட்டது.

திரும்பி வந்தவனிடம், "என்னா தம்பி?" என்றாள்.

"ஒண்ணுமில்லைங்கம்மா. ஒரே வீட்டுக்கு மூணு தடவ கேஸ் போட்டா கேக்கத்தான் செய்வாங்க. நான் கேஸ வெளிய வித்துட்டு, போட்டேன்னு பொய் சொல்றேன்னு நெனைக்கிறாரு. இன்னொருக்கா இங்க இருந்து கம்ப்ளெயின்ட் போனா வேலைய வுட்டுப் போயிறச் சொல்லிட்டாரு." சிரிக்கப் பார்த்தான். "மம்மட்டி எங்க தோட்டத்துலயே கெடக்கு, தேடிப் போகத் தேவல்ல."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த முகம் தன்னை எப்படிப் பார்க்கும் என்று நினைத்தவள், டீயைச் சூடாக்கி வருவதாகச் சொல்லி எழுந்துவிட்டாள். அவன் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்த வீட்டில் வாய்விட்டு அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் கேட்காது.

அதற்குப் பிறகு அவள் பெட்டியைத் தொடவில்லை. சொல்வது சுலபம், துடைத்தே வாழ்ந்தவளுக்கு அழுக்கைப் பார்த்துக்கொண்டு இருப்பது சாமானியமா? கை அரித்தது. துணியைக் கையில் எடுக்காமல் பின்பக்கம் போகப் பழகிக்கொண்டாள். முதலில் ஒரு மினுக்கம் தெரிந்தது. பிறகு தூசி ஒட்டியது. பிறகு ஒரு கை அகலத்துக்குக் கறுத்து, சீமெந்துக் கல்லில் சொட்டவும் தொடங்கியது. அது வளர வளர அவன் வேலை பிழைக்கும். வேலை பிழைத்தால் அவன் வருவது நிற்கும். இரண்டும் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. கல்லில் சொட்டிய அன்று கம்பெனிக்குப் போன் போடாமல், அவன் கொடுத்து வைத்திருந்த அவனுடைய நம்பருக்கே போட்டாள்.

"தம்பி, மெஷினுக்குப் பின்னால கறுப்பா எண்ணெ வழிஞ்சிருக்கு. வந்து பாருங்க."

பறந்து வந்தான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் ஓடிக் குந்தினான். பார்த்தான். பிறகு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பக்கத்து வீட்டில் ஆள் இருந்திருந்தால் எட்டிப் பார்த்திருப்பார்கள். கல்யாண வீட்டில் மணப்பெண்ணைப் போட்டோ எடுப்பது போல நின்று எடுத்தான், குந்தி எடுத்தான், கிட்டப் போய் எடுத்தான்.

"இத்தன நாளா எங்கங்கம்மா ஒளிஞ்சிருந்துச்சு இது?"

"தெரியலையே தம்பி."

"என் மானத்தக் காப்பாத்திட்டீங்கம்மா நீங்க."

அற்புதமலர் அடுப்பைப் பார்க்கப் போவது போல உள்ளே போய்விட்டாள். அவனுக்கு எதிரே நிற்க அவளால் முடியவில்லை.

புதுக் கொயில் வர இரண்டு வாரம் பிடித்தது. அதை மாட்டிய நாளில் அவள் கோழி அடித்து, அரிசி மாவு ரொட்டியும் சுட்டு, பாயசமும் வைத்தாள். விஜேந்திரன் வாய் ஓயாமல் பேசினான். மேலதிகாரி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லையாம், ஆனால் பேச்சு மாறிவிட்டதாம். மொனராகலைப் பக்கத்தையும் அவனிடமே கொடுத்துவிட்டார்களாம். பம்பு ஓடியது. அவள் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்ல வைத்திருந்த கதைகள் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. பம்பை நிறுத்தி, ஊசி அசையாமல் நின்றதைக் கூப்பிட்டுக் காட்டினான். "நல்லா நிக்குது" என்று அவளும் சொன்னாள்.

சாமான்களைக் கட்டிவிட்டு, சந்தோஷத்தோடு சொன்னான்: "இனி ஒரு பயமும் இல்லைங்கம்மா. எங்கள நீங்க கூப்பிடவே தேவப்படாது."

"நல்லது தம்பி. இந்தப் பக்கம் வந்தா வாங்க."

"வராம என்னாங்கம்மா."

அவன் பொய் சொல்லவில்லை. மனதோடுதான் சொன்னான். ஆனால் பதுளையும் மொனராகலையும் ஒரே ஆள் பார்க்கிற வேலையில் 'இந்தப் பக்கம்' என்று ஒன்று அமைவதில்லை. மோட்டார் சைக்கிள் வளைவில் இறங்கும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பகல் போன் அடித்தது. மகளாக்கும் என்று ஓடி எடுத்தாள். கம்பெனி. ஆளில்லை, பதிவு செய்த குரல். சிங்களத்தில் சொல்லி, இங்கிலீஷில் சொல்லி, கடைசியில் தமிழுக்கு வந்தது. உங்கள் முறைப்பாடு திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டிருந்தால் ஒன்றை அழுத்தவும். தீர்க்கப்படவில்லை என்றால் இரண்டை அழுத்தவும், எமது ஊழியர் மீண்டும் வருவார்.

எந்த ஊழியர் வருவார் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், இரண்டை அமுக்கினால் போதும். நாளைக்கே வந்து நிற்பான். குரல் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தமிழ் வந்து முடிந்தது. ஒன்றை அமுக்கினாள்.

நன்றி என்றது குரல்.

"ஹலோ, ஒரு நிமிசம் இருங்க" என்றாள் அற்புதமலர். "அந்தத் தம்பி மேல ஒரு குத்தமும் இல்லைங்க. ஒவ்வொரு தடவையும் ஒழுங்காத்தான் கேஸ் போட்டாரு. எண்ணெயத் தொடச்சு வச்சது நானுங்க. மொத ரெண்டு தடவ தெரியாமத் தொடச்சேன். பொறகு தெரிஞ்சேதான் தொடச்சேன். அவரு திரும்ப வரணும்னு தொடச்சேன். இத அவருகிட்ட எனக்குச் சொல்ல முடியலைங்க, நீங்களாவது சொல்லிருங்க."

போன் எப்போதோ கட்டாகியிருந்தது.